எப்படி அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்: கடலூர், புதுச்சேரி குழந்தை மனநல மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கும் மருத்துவ உளவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநராக 14 வருடமாக வேலை செய்கிறேன். அரசுப் பள்ளிகளில் கற்பதற்கோ பேசுவதற்கோ ஒரு இடத்தில் உட்காருவதற்கோ சிரமப்படும் பிள்ளைகளைப் பார்ப்பதும், தேவைப்பட்டால் அவர்களையும் அவர்களுடைய அம்மாவையும் பஸ் ஏற்றி உங்களிடம் அழைத்து வருவதும் என் வேலை. சில நாள் கடலூரிலேயே மஞ்சக்குப்பம், சில நாள் புதுச்சேரி. உங்கள் அறைக்கு வெளியே இருக்கும் பெஞ்சில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறேன். உங்களில் சிலருக்கு என் முகம் தெரிந்திருக்கும்.

இந்த மடல் ஒரே ஒரு வேண்டுகோளுக்காக. ஒரு குழந்தைக்கு ஏ.டி.எச்.டி. (கவனம் நிற்காமை, மிகையான துறுதுறுப்பு) இருக்கிறது என்றோ பதற்றக் கோளாறு இருக்கிறது என்றோ எழுதும்போது, அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். யார் யாரிடம் பேசினீர்கள், எவ்வளவு நேரம், எந்த மொழியில், எந்தக் கேள்வித்தொகுப்பை வைத்து, எது இன்னும் உறுதியாகவில்லை. நான்கைந்து வரி போதும். ஏன் கேட்கிறேன் என்று சொல்லத்தான் மீதி மடல்.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். தென்பெண்ணைக் கரையோரம் வீடு. வகுப்பில் பாதி எழுதிவிட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய்விடுவான். கூப்பிட்டால் வருவான், மறுபடியும் போவான். பென்சில் தொலைப்பான், வீட்டுப்பாடம் மறப்பான். வகுப்பாசிரியர் என்னிடம் சொன்னார், நான் போய்ப் பார்த்தேன், எனக்கும் அது ஏ.டி.எச்.டி. போலவே தெரிந்தது. அம்மாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். உள்ளே நானும் இருந்தேன்.

"ஒரு இடத்துல உக்காருவானா?"

"உக்காரவே மாட்டான் சார்."

"சொன்ன பேச்சு கேப்பானா?"

"எங்க கேக்குறான்!"

"படிக்கும்போது கவனம் சிதறுமா?"

"ஆமா சார், டீச்சர் அதையேதான் சொல்றாங்க."

பையனிடம் ஒரே கேள்வி: "ஏம்பா, அம்மா சொல்றதெல்லாம் நெசம்தானா?" அவன் தலையாட்டினான். மொத்தம் 12 நிமிடம். வெளியே வரும்போது கையில் ஏ.டி.எச்.டி. என்று எழுதிய சீட்டு இருந்தது, மாத்திரை எழுதியிருந்தது. இது எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

இரண்டு வாரம் கழித்து ஒரு மதியம், வானம் மூடிக்கொண்டு வந்தபோது அவன் ஜன்னலுக்குப் போனான். நானும் பக்கத்தில் போய் நின்று, "என்னடா பாக்குற?" என்று கேட்டேன். "தண்ணி ஏறுதான்னு பாக்குறேன் டீச்சர்" என்றான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது உங்களுக்கே தெரியும். இவன் வீட்டுக்குள் இருட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது. தங்கையைத் தோளில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருக்கிறாள். அதற்கு முன்னால் அவன் எப்படி இருந்தான் என்று பழைய வகுப்பாசிரியரிடம் கேட்டேன். "துறுதுறுன்னு இருப்பான், ஆனா ஜன்னலுக்கெல்லாம் போக மாட்டான்" என்றார்.

அப்புறம் புதுச்சேரியில் வேறொருவரிடம் போனோம். அவர் இரண்டு நாள் வரச் சொன்னார். அம்மாவிடம் தனியாக, பையனிடம் தனியாக, என்னிடம் போனில். அவர் எழுதிய அறிக்கை ஒரு பக்கம். வெள்ளத்துக்குப் பிறகு வந்த பதற்றம் என்று எழுதி, கடைசியில் இப்படி ஒரு வரி: "கவனச் சிக்கல் தனியாக இருக்கிறதா என்பது இப்போது உறுதியில்லை. பயம் குறைந்த பிறகு, ஆறு மாதம் கழித்து, ஆசிரியர் குறிப்போடு மீண்டும் பார்க்க வேண்டும்." 14 வருடத்தில் நான் பார்த்த அறிக்கைகளிலேயே எனக்கு மிகவும் உதவிய வரி இதுதான். அடுத்த ஆறு மாதம் வகுப்பில் எதைக் கவனிக்க வேண்டும் என்று அது சொல்லிவிட்டது.

முதல் மருத்துவர் தவறு, இரண்டாமவர் சரி என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அவன் பயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, ஆனால் நோட்டு இன்னும் பாதிதான் எழுதுகிறான். முதல் சீட்டில் இருந்த பெயர் பாதி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சீட்டைப் பார்த்தால், சரியோ தவறோ, எதனால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கணக்கில் விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு நாங்கள் முழு மதிப்பெண் போடுவதில்லை. வழிமுறை எழுதச் சொல்கிறோம்.

பி.எட். படித்தபோது நம்பகம் (எப்போதும் ஒரே மாதிரி காட்டுவது), ஏற்புடைமை (உள்ளதைச் சரியாகக் காட்டுவது) என்று இரண்டு சொல் மனப்பாடம் செய்தோம். துறைமுகத்தில் மீன் எடை போடும் தராசு ஒவ்வொரு முறையும் அரை கிலோ கூட்டியே காட்டினால், அதற்கு நம்பகம் உண்டு, ஏற்புடைமை இல்லை. தராசுக்கு முத்திரை போட்ட எடைக்கல் இருக்கிறது, வைத்துப் பார்த்துவிடலாம். ஏ.டி.எச்.டி.க்கும் பதற்றக் கோளாறுக்கும் அப்படி எடைக்கல் கிடையாது. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ அவற்றை உறுதி செய்வதில்லை. பேச்சும் கவனிப்பும்தான் கருவி. இதைச் சரிபார்ப்பது எப்படி என்று உங்கள் துறையே ஐம்பது வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டி வந்திருக்கிறது. 1970-இல் எலி ராபின்ஸ், சாமுவேல் கூஸ் என்ற இருவர், ஒரு மனநோயின் பெயர் உண்மையாக ஒன்றைக் குறிக்கிறதா என்று பார்க்க அறிகுறிகள் மட்டும் போதாது, மற்ற நோய்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்ட வேண்டும், காலப்போக்கில் அது எப்படிப் போகிறது என்று பின்தொடர வேண்டும், குடும்பத்தில் பார்க்க வேண்டும் என்றார்கள். 1983-இல் ராபர்ட் ஸ்பிட்சர், நேர்காணலைச் சோதிக்க வேறு அளவுகோல் இல்லாத இடத்தில் மூன்றைக் கேட்டார்: நீண்ட காலம் பார்ப்பது, அனுபவமுள்ளவர் பார்ப்பது, கிடைக்கிற எல்லாத் தகவலையும் சேர்த்துப் பார்ப்பது. மனநோய்களையும் அவற்றின் அறிகுறிகளையும் தொகுக்கும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-3 என்ற பட்டியலை உருவாக்கிய குழுவின் தலைவரே அவர்தான். பட்டியல் தந்தவரே பட்டியல் மட்டும் போதாது என்றிருக்கிறார் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஒழுங்காக வகுக்கப்பட்ட நேர்காணல்கள் உங்களிடம் இல்லாமல் இல்லை. கே-சாட்ஸ், டிஸ்க், பதற்றத்துக்கென்றே உள்ள ஏடிஸ், சுருக்கமான மினி-கிட் என்று பல உண்டு. அவற்றை வைத்து எடுக்கும் முடிவும், மருத்துவர் தன் அனுபவத்தில் எடுக்கும் முடிவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று 2009-இல் ரெட்டியூவும் மற்றவர்களும் 38 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். கப்பா என்ற அளவில் 1 என்றால் முழு ஒப்புதல், 0 என்றால் குருட்டாம்போக்கில் ஒத்துப்போனது. ஒட்டுமொத்தமாக வந்தது 0.27. பொதுப் பதற்றக் கோளாறுக்கு 0.19. நேர்காணல் தவறா, மருத்துவர் தவறா என்று இதிலிருந்து சொல்ல முடியாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பதிலாக நிற்க முடியாது என்பது மட்டும் தெரிகிறது. அதே பட்டியலின் ஐந்தாம் பதிப்பான டி.எஸ்.எம்.-5 வந்தபோது நடந்த களச் சோதனையில் குழந்தைகளின் ஏ.டி.எச்.டி.க்கு இரண்டு மருத்துவர்களுக்கு இடையே 0.61 வரை ஒப்புதல் இருந்தது. அது நல்ல எண்தான். ஆனால் அங்கே மருத்துவர்களுக்கு நேரம் இருந்தது.

சரி, இந்த எண்களை விடுகிறேன். எனக்கு உண்மையில் பேச வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, யாரைக் கேட்கிறீர்கள் என்பது. இன்னொன்று, எந்தச் சொல்லால் கேட்கிறீர்கள் என்பது.

1987-இல் அக்கன்பாக்கும் உடன் பணியாற்றியவர்களும் 119 ஆய்வுகளைத் திரட்டி, ஒரே குழந்தையைப் பற்றி வெவ்வேறு ஆட்கள் சொல்வது எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்தார்கள். அப்பா, அம்மா போல ஒரே இடத்தில் குழந்தையைப் பார்க்கிறவர்கள் சொன்னதற்கு இடையே உள்ள தொடர்பு 0.60 (1 என்றால் முழுப் பொருத்தம்). பெற்றோர், ஆசிரியர் போல வெவ்வேறு இடத்தில் குழந்தையைப் பார்க்கிறவர்களுக்கு இடையே 0.28. குழந்தை தன்னைப் பற்றிச் சொல்வதற்கும் மற்றவர்கள் சொல்வதற்கும் 0.22. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை, ஏனென்றால் நான் தினமும் பார்ப்பது இதைத்தான். கடலுக்குப் போகும் அப்பா பையனைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. முந்திரி உடைக்கப் போகும் அம்மா அவனைப் பார்ப்பது இரவு, அவளும் களைத்து அவனும் களைத்த நேரம். நாள் முழுக்க வைத்திருப்பது ஆயா, அதாவது பாட்டி. ஆனால் உங்கள் அறைக்குள் வருவது அம்மா மட்டும். ஆயாவை யாரும் அழைத்து வருவதில்லை, நீங்களும் கேட்பதில்லை.

மூன்று பேர் மூன்று மாதிரி சொன்னால் அதில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. குழந்தை மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கிறது. வீட்டில் அமைதி, வகுப்பில் ஆட்டம் என்றால், அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும். அதட்டும் ஆசிரியராக இருக்கலாம், கரும்பலகை தெரியாத கண்ணாக இருக்கலாம், காதில் சீழாக இருக்கலாம். டி.எஸ்.எம்.-5 ஏ.டி.எச்.டி.க்குக் கேட்பது என்ன என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும்: ஒன்பதில் ஆறு அறிகுறி, ஆறு மாதம், 12 வயதுக்கு முன் தொடக்கம், இரண்டு இடங்களிலாவது இருப்பது, அதனால் வாழ்க்கை பாதிக்கப்படுவது. இரண்டாவது இடத்தைப் பற்றி இரண்டாவது ஆளைக் கேட்காமல் எப்படி நிரப்புவது? "டீச்சர் அப்படித்தான் சொல்றாங்க" என்று அம்மா சொல்வது டீச்சர் சொன்னதாகாது.

எங்கள் பக்கத்துத் தவறையும் சொல்லிவிடுகிறேன். ஏ.டி.எச்.டி. அறிகுறிகளைப் பற்றிக் கேட்க நீங்கள் அனுப்பும் வாண்டர்பில்ட் படிவத்தில் ஆசிரியருக்கு 43 கேள்வி. சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் சத்துணவு ரிஜிஸ்டரை வைத்துக்கொண்டு, மேலிருந்து கீழ் வரை "மிக அடிக்கடி" என்று டிக் போட்டுத் தருகிற ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு எப்படியாவது உதவி கிடைக்கட்டும் என்ற எண்ணம் சிலருக்கு. இந்தத் தொல்லை விட்டால் போதும் என்ற எண்ணம் சிலருக்கு. அந்தத் தாளை அப்படியே கூட்டி மதிப்பெண் போடாதீர்கள். ஆசிரியரோடு ஐந்து நிமிடம் போனில் பேசினால் எந்த டிக் உண்மை என்று தெரிந்துவிடும்.

இனி, சொல். இதைப் பற்றி நான் ஒரு நாள் முழுக்கப் பேசுவேன்.

கேள்வித்தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. நீங்கள் அறையிலேயே வாய்மொழியாகத் தமிழாக்கிக் கேட்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கிறீர்கள். ஏ.டி.எச்.டி. அறிகுறிகள் கவனமின்மைக்கு ஒன்பது, துறுதுறுப்புக்கு ஒன்பது, ஆகப் பதினெட்டிலும் வருகிற சொல் "அடிக்கடி". ஒரு அம்மாவிடம் அடிக்கடி என்றால் எத்தனை தடவை என்று கேட்டேன். "வாரத்துல ரெண்டு தடவை" என்றார். இன்னொருவர் "நிமிசத்துக்கு நிமிசம்" என்றார். இருவர் படிவத்திலும் ஒரே கட்டத்தில்தான் டிக். நேற்று மாலை பள்ளி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை என்ன செய்தான் என்று கேட்டுப் பாருங்கள். "அடிக்கடி" தானாக எண்ணாக மாறும்.

பதற்றம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். நம் செய்தித்தாளில் பதற்றம் என்றால் பதற்றமான வாக்குச்சாவடி, அப்பகுதியில் பதற்றம் நிலவுகிறது, போலீஸ் குவிப்பு. எட்டு வயதுப் பிள்ளையிடம் "உனக்குப் பதற்றம் வருமா?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? கவலை என்றால் கடனும் கல்யாணமும். அது பெரியவர்கள் சமாச்சாரம். பயம் என்றால் பேய், நாய், கணக்கு டீச்சர். எங்கள் பிள்ளைகள் சொல்வது வேறு: "திக்குதிக்குன்னு இருக்கு", "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "வயித்தைப் பிசையுது", "அம்மா செத்துப்போயிடுமோன்னு தோணுது". கடைசி வரியைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு நான்கு நாள் ஆயிற்று. திங்கட்கிழமை காலையில் மட்டும் வயிற்றைப் பிசைகிற ஒரு பெண்ணை வயிற்று டாக்டர்களிடம் ஒரு வருடம் காட்டினார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், பூச்சி மருந்து கொடுத்தார்கள். அவளை மனநல நேர்காணலுக்கு யாருமே அனுப்பவில்லை. வகுப்பில் வாயே திறக்காத பெண் அவள். பள்ளியிலும் வீட்டிலும் "அடக்கமான பொண்ணு" என்று பெயர் வாங்கியவள். "மத்தவங்ககிட்ட பேசக் கூச்சப்படுவாளா?" என்று நான் கேட்டபோது அம்மா பெருமையாக ஆமாம் என்றார். நோய் என்று அவர் எப்படி நினைப்பார்?

கவனக்குறைவும் அப்படித்தான். நம் காதில் அது ஒரு குற்றச்சாட்டு. கவனக்குறைவாக வண்டி ஓட்டி விபத்து என்றுதான் கேட்டுப் பழக்கம். "உங்க பையனுக்குக் கவனக்குறைவு இருக்கா?" என்றால், வளர்ப்பைக் குறை சொல்வதாக நினைத்து இல்லை என்பவர்களும் உண்டு, அவனைத் திட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்து ஆமாம் என்பவர்களும் உண்டு.

எதிர்மறைக் கேள்வி இன்னும் மோசம். "பயமெல்லாம் ஒண்ணும் இல்லையே?" என்றால் பிள்ளை "ம்" என்னும். அந்த "ம்" பயம் இல்லை என்பதா, இருக்கிறது என்பதா? பெரியவர் எது கேட்டாலும் "ஆமா மிஸ்" என்று சொல்லப் பழக்கியவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் உங்கள் அறைக்கும் கூடவே வரும்.

இந்தச் சிரமம் தமிழுக்கு மட்டும் உள்ளதல்ல. 1985-இல் எடல்பிராக்கும் மற்றவர்களும் குழந்தைகளிடம் ஒரே நேர்காணலை இரண்டு முறை நடத்திப் பார்த்தார்கள். பதில்களின் நம்பக அளவு 14 முதல் 18 வயதுக்கு 0.71, 10 முதல் 13 வயதுக்கு 0.60, ஆறு முதல் ஒன்பது வயதுக்கு 0.43. பத்து வருடம் கழித்து கனடாவின் கியூபெக்கில், ஒன்பது முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு டிஸ்க் கேள்விகள் புரிகின்றனவா என்று சோதித்தபோது, நீளமான கேள்விகளும், காலத்தைப் பற்றிய கேள்விகளும் நிறையப் பேருக்குப் புரியவில்லை. "கடந்த ஆறு மாதத்தில்" என்றால் ஒன்பது வயதுக்கு என்ன தெரியும்? "பொங்கலுக்கு அப்புறமா? மாசி மகத்துக்கு முன்னாடியா?" என்று கேட்டால் கடலூர்ப் பிள்ளை சரியாகச் சொல்லும். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனதை எந்தப் பிள்ளை மறக்கும்?

இன்னொன்றும் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் தெரிந்திருக்கிறது. ஆமாம் என்றால் மேலும் மேலும் கேள்வி வருகிறது என்று பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். அப்புறம் இல்லை, இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அதனால் நேர்காணலின் பின்பாதியில் உள்ள நோய்கள் குறைவாகவே கிடைக்கும். பதற்றக் கேள்விகள் கடைசியில் வந்தால், கிடைப்பது ஏ.டி.எச்.டி. மட்டும்தான். இரண்டும் சேர்ந்தே இருக்கும் பிள்ளைகள் கொஞ்சமல்ல. அமெரிக்காவில் 579 பிள்ளைகளை வைத்து நடந்து 1999-இல் வெளியான, ஏ.டி.எச்.டி. சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்.டி.ஏ. ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதற்றக் கோளாறும் இருந்தது. ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்தினால் மற்றது அப்படியே கிடக்கும்.

பள்ளி முகாம்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தைகளின் உடல்நலத்தைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே. குழுவினர் வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறார்கள். 2013-இல் தொடங்கிய திட்டம், அவர்கள் பார்க்க வேண்டிய 30 வகைகளில் ஏ.டி.எச்.டி.யும் ஒன்று. நல்ல திட்டம், அதனால் கண்டுபிடித்த இதய ஓட்டைகளை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் மனநலத்தில், முகாமில் டிக் விழுந்ததும் பள்ளியில் அது நோயின் பெயராகிவிடுகிறது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 1,000 பிள்ளைகளில் 50 பேருக்கு உண்மையிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேள்வித்தாள் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகப் பிடிக்கும், இல்லாதவர்களில் நூற்றுக்கு பத்துப் பேரைத் தவறாகக் காட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். சரியாகப் பிடித்தது 40, தவறாகக் காட்டியது 95. பட்டியலில் 135 பெயர், அதில் உண்மை மூன்றில் ஒன்றுகூட இல்லை. அது கெட்ட கேள்வித்தாள் அல்ல. அடுத்து ஒரு முழு நேர்காணல் இருக்கிறது என்று நம்பிச் செய்த தாள். அந்த அடுத்தது நடக்காமலே போய்விடுகிறது.

வயதையும் பாருங்கள். ஒரே வகுப்பில் மூத்த பிள்ளைக்கும் இளைய பிள்ளைக்கும் கிட்டத்தட்ட ஒரு வருடம் வித்தியாசம் இருக்கும். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ சேர்க்கை எல்லையாக வைத்த மாநிலங்களில், வகுப்பில் மிக இளையவர்களான ஆகஸ்ட் மாதத்துப் பிள்ளைகளுக்கு, மூத்தவர்களான செப்டம்பர் மாதத்துப் பிள்ளைகளைவிட 34 சதவீதம் அதிகமாக ஏ.டி.எச்.டி. என்று எழுதப்பட்டிருந்தது 2018-இல் தெரியவந்தது. நோய் பிறந்த மாதம் பார்த்து வருமா? இளைய பிள்ளையை மூத்த பிள்ளையோடு ஒப்பிட்டு ஆசிரியர் நிரப்பியதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். நம் ஊரில் சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று பிறந்த தேதியைத் திருத்திச் சேர்த்த பிள்ளைகளும் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். உண்மையான பிறந்தநாளை அம்மாவிடம் கேளுங்கள்.

பெங்களூரில் நடந்த ஆய்வு ஒன்று, 2005-இல் வெளியானது. அங்குள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஸ்ரீநாத்தும் மற்றவர்களும் 16 வயது வரையுள்ள பிள்ளைகளில் 12.5 சதவீதம் பேருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் அன்றாட வாழ்க்கை எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சேர்த்துப் பார்த்தபோது, நான்கு முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 5.3 சதவீதம்தான் நின்றது. அறிகுறி எண்ணிக்கைக்கும் வாழ்க்கைப் பாதிப்புக்கும் இடையே இவ்வளவு தூரம். பல அறிக்கைகளில் அறிகுறி மட்டும் இருக்கிறது. அதனால் அந்தப் பிள்ளைக்கு என்ன முடியாமல் போகிறது என்ற வரி இல்லை. பள்ளியில் எனக்கு வேண்டியது அந்த வரிதான்.

உங்கள் நெருக்கடியை அறியாமல் இதையெல்லாம் எழுதவில்லை. அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. வரிசை எவ்வளவு நீளம் என்று பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள் நான். முழு கே-சாட்ஸ் எடுக்க ஒன்றரை மணி நேரம் போகும். வெளியே ஐம்பது பேர் நிற்கும்போது அது நடக்காது. அதனால்தான் நேரத்தைக் கேட்கவில்லை, வரிகளைக் கேட்கிறேன். 12 நிமிடம்தான் கிடைத்தது என்றால் அதையே எழுதுங்கள்: "அம்மாவிடம் மட்டும் பேசியது, 12 நிமிடம், ஆசிரியர் குறிப்பு இல்லை, தற்காலிக முடிவு." அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அந்தத் தாளைப் படிக்கும் அடுத்தவர் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார். லண்டனில் ராபர்ட் குட்மன் 2000-இல் வெளியிட்ட டாவ்பா என்ற முறையில், வகுத்த கேள்விகளோடு, பெற்றோர் தங்கள் சொந்த வார்த்தையில் விவரிப்பதையும் எழுதிவைத்து, பிறகு மருத்துவர் அதைப் படித்து முடிவெடுப்பார். கேள்வி கேட்பவர் மருத்துவராகவே இருக்க வேண்டியதில்லை. எங்களைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், அம்மா சொன்னதை அம்மாவின் வார்த்தையிலேயே எழுதிக் கொண்டுவருகிறோம். "வயித்தைப் பிசையுது" என்று அவர் சொன்னால், அப்படியே.

புதுச்சேரியில் பெரிய மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன, ஜிப்மர் இருக்கிறது. கடலூர்ப் பிள்ளையும் விழுப்புரத்துப் பிள்ளையும் அங்கேதான் வருகிறார்கள். இந்தக் கேள்வித்தொகுப்புகளில் ஒன்றையாவது எங்கள் பேச்சுத்தமிழில் முறையாக மொழிபெயர்த்து, வேறொருவரை வைத்து மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்த்து, குப்பத்திலும் கிராமத்திலும் உள்ள பிள்ளைகளிடம் புரிகிறதா என்று கேட்டுச் சரிபார்க்கும் வேலையை உங்களில் யாராவது முதுகலை மாணவர்களிடம் கொடுங்கள். வீடு வீடாகக் கூட்டிப்போக நான் வருகிறேன்.

சீட்டு பள்ளிக்குப் போன பிறகு என்ன ஆகிறது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு பள்ளியில், ஏ.டி.எச்.டி. என்று எழுதிய தாளைப் பார்த்ததும், "ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்கம்மா" என்று டி.சி. கொடுக்கத் தயாரானார்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் மூன்றாம் பிரிவு, சிகிச்சைக்காகவோ சட்டம் சொல்லும் காரணத்துக்காகவோ தவிர யாரையும் மனநோயுள்ளவர் என்று வகைப்படுத்தக் கூடாது என்கிறது. அதை எடுத்துச் சொல்லித்தான் அந்தப் பிள்ளையை அங்கேயே உட்கார வைத்தோம். உங்கள் தாளில் "வழக்கமான வகுப்பிலேயே படிக்கலாம், முன்வரிசையில் உட்கார வைக்கவும், தேர்வில் கூடுதல் நேரம் உதவும்" என்று இருந்திருந்தால் அந்தச் சண்டையே தேவைப்பட்டிருக்காது.

நோயே இல்லை, எல்லாம் டாக்டர்கள் கட்டியது என்று சொல்பவர்களோடு என்னைச் சேர்க்க வேண்டாம். ஏ.டி.எச்.டி. உண்மை. மாத்திரை ஆரம்பித்த மூன்றாவது வாரம் முதன்முறையாக ஒரு பக்கம் முழுக்க எழுதி, அதை எனக்குக் காட்ட ஓடி வந்த பையனை எனக்குத் தெரியும். பதற்றமும் உண்மை, முறையாகப் பேசிப் பழக்கினால் குறைவதும் உண்மை. அதனால்தான் யாருக்கு எது என்று இவ்வளவு கவலைப்படுகிறேன்.

ஜன்னலுக்குப் போகும் பையனுக்கு இப்போது வகுப்பாசிரியர் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். மணிக்கு ஒருமுறை அவனே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "மழை இல்லை" என்றோ "மேகம் இருக்கு" என்றோ கரும்பலகை ஓரத்தில் எழுதலாம். முதலில் ஆறு ஏழு முறை எழுதினான். போன வாரம் ஒரு நாளைக்கு இரண்டு. தேதி போட்டு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறோம். அவன் எழுதாமல் விட்ட கணக்குகளையும் குறித்திருக்கிறோம், மழை நாள் எது, வெயில் நாள் எது என்று பிரித்து.

அடுத்த மாதம் அவனுக்கு மறுபடியும் உங்களில் ஒருவரிடம் தேதி இருக்கிறது. அந்த நோட்டையும் பழைய அறிக்கை இரண்டையும் எடுத்து வருகிறேன். ஆயாவையும் இந்த முறை கூட்டி வருகிறேன். "இப்போது உறுதியில்லை" என்று எழுதியிருக்கும் அந்தக் கடைசி வரியிலிருந்து நாம் தொடங்கலாம்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஒரு சிறப்புப் பயிற்றுநர்